கடைசித் தெருவுக்கு ஏன் தண்ணீர் வருவதில்லை? ஒரு கிராமத்தின் குடிநீரைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கிராம சபையில் குடிநீர்ப் பேச்சு எழுந்துவிட்டால் மற்ற தீர்மானங்களெல்லாம் அப்புறம்தான். கடைசித் தெருவிலிருந்து வந்த ஒரு அம்மா எழுந்து, "மூணு நாளா ஒரு குடம் தண்ணி வரல தலைவரே" என்பார். தொட்டி ஆபரேட்டர், "தினமும் மோட்டார் போடுறேன், தொட்டியும் நிறையுது, கரண்ட் விட்டு விட்டு வந்தா நான் என்ன பண்றது" என்பார். வாரியத்திலிருந்து வர வேண்டிய அளவு வரவில்லை என்பார் ஊராட்சித் தலைவர். குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறியாளர் வந்திருந்தால் மீட்டர் கணக்கை எடுத்துக் காட்டுவார். மேலத்தெருக்காரர்கள் பேசவே மாட்டார்கள். அவர்கள் வீட்டில் தண்ணீர் வருகிறது.

இவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. பொறியாளர் பார்ப்பது மீட்டரை. ஆபரேட்டர் பார்ப்பது தொட்டியை. தலைவரின் கண்ணில் நிற்பது கட்ட வேண்டிய மின்கட்டண பில். அந்த அம்மா பார்ப்பது காலிக் குடத்தை. மீட்டருக்கும் குடத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை முழுதாகப் பார்த்தவர் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை. அதனால் சண்டை ஆள்மேல் போகிறது. ஆபரேட்டர் சரியில்லை, தலைவர் சரியில்லை, வாரியம் சரியில்லை என்று முடிகிறது. கடைசியில் "புதுசா ஒரு போர் போடலாம்" என்று தீர்மானம் எழுதிக் கலைகிறார்கள்.

இந்த இடத்தில்தான் மாடல், அதாவது ஊரின் தண்ணீர் வருவதையும் போவதையும் கணக்காக எழுதிப் பார்ப்பது, உதவும் என்று நான் நம்புகிறேன். கிராமக் குடிநீரை மாடலாக்குவது என்றால் வரும் கோடையில் எத்தனை லிட்டர் குறையும் என்று ஜோசியம் சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. ஆளாளுக்குத் தெரிந்த துண்டுகளை ஒரே தாளில் சேர்த்துவைத்து, எல்லாரும் சேர்ந்து பார்க்க வைப்பது.

பள்ளிக்கூடத்துத் தொட்டிக் கணக்கு

ஒரு குழாய் தொட்டியை 3 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் 5 மணி நேரத்தில் காலி செய்யும், இரண்டையும் திறந்தால் எப்போது நிறையும்? ஆறாம் வகுப்பில் நம்மைப் படுத்தி எடுத்த கணக்கு. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1950-களில் தொடங்கிவைத்த முறையும் கிட்டத்தட்ட இதேதான். ஒரு இருப்பு, அதற்குள் ஒரு வரத்து, அதிலிருந்து ஒரு போக்கு. இருப்பு குறைந்தால் மனிதர்கள் என்ன செய்கிறார்கள், அப்படிச் செய்வது மறுபடி வரத்தையும் போக்கையும் எப்படி மாற்றுகிறது என்ற சுழலையும் அவர் கணக்கில் சேர்த்தார். இருப்பு தொழிற்சாலையின் சரக்காகவும் இருக்கலாம், ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியாகவும் இருக்கலாம்.

ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் வைத்தவை. ஆனால் தமிழ்நாட்டில் ஊராட்சி வேலை பார்த்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

450 வீடுகள், 1,800 பேர். 60,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று. கிராம வீடுகளுக்குக் குழாய் இணைப்பு கொடுக்க 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஆகத் தேவை 99,000 லிட்டர். கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து 60,000 லிட்டர் வருகிறது. ஊராட்சியின் ஆழ்துளைக் கிணறு மணிக்கு 6,000 லிட்டர் கொடுக்கிறது. 8 மணி நேரம் மோட்டார் ஓடினால் 48,000. மொத்தம் 1,08,000. தேவைக்கு மேல் 9,000 லிட்டர் மிச்சம். திட்ட அறிக்கையில் இந்த ஊருக்கு எதிரே "போதுமானது" என்று எழுதிவிடுவார்கள்.

இப்போது மே மாதத்துக்கு வருவோம். மும்முனை மின்சாரம் தொடர்ந்து கிடைக்காததால் மோட்டார் 5 மணி நேரம்தான் ஓடுகிறது. நிலத்தடி நீர் இறங்கிப்போய் போர் மணிக்கு 4,000 லிட்டர்தான் தருகிறது. 48,000 ஆக இருந்தது 20,000 ஆகிவிட்டது. கூட்டுக் குடிநீரும் 45,000 ஆகக் குறைகிறது. மொத்தம் 65,000. பழைய குழாய்களில் ஐந்தில் ஒரு பங்கு கசிகிறது என்று வைத்தால் வீடுகளுக்குப் போய்ச் சேர்வது 52,000. ஆளுக்கு 29 லிட்டர்.

இந்த 29 ஒரு சராசரி. சராசரியைக் குடத்தில் பிடிக்க முடியாது. தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் 150 வீடுகள் குழாயில் மோட்டார் வைத்து ஆளுக்கு 60 லிட்டர் இழுத்துவிட்டால் 36,000 போய்விட்டது. மீதி 16,000 லிட்டரை 1,200 பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 13 லிட்டர். ஒரு பிளாஸ்டிக் குடம்கூட முழுதாக நிறையாது. சபையில் எழுந்து நின்ற அம்மா சொன்னது இதைத்தான்.

இரண்டு மணி நேரத்தில் என்ன நடக்கிறது

தண்ணீரின் அளவைப் பற்றி ஊரில் எல்லாரும் பேசுகிறார்கள். அது குழாயில் எந்த வேகத்தில் போகிறது என்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கு இதுதான் இந்த விஷயத்தின் மையம் என்று படுகிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

குழாய் எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும் என்று வடிவமைக்கும்போது, ஒரு நாளின் தேவையை 24 மணி நேரத்துக்குப் பிரிக்கிறார்கள். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவார்கள் என்பதற்காக அதை மூன்றால் பெருக்குகிறார்கள். சிறிய ஊர்களுக்கு நம் நாட்டின் வடிவமைப்புக் கையேடு சொல்வது இந்த மூன்று மடங்குதான். நம் கற்பனை ஊருக்குப் போட்டால், 99,000 லிட்டரை 24-ஆல் வகுத்து மூன்றால் பெருக்க மணிக்கு 12,375 லிட்டர். நிமிடத்துக்குச் சுமார் 206 லிட்டர்.

இது நாள் முழுக்கத் தண்ணீர் இருக்கும் ஊருக்கான கணக்கு. எப்போது திறந்தாலும் வரும் என்ற தெம்பு இருந்தால் மக்கள் தேவைப்படும்போது மட்டும் திறப்பார்கள். நம் ஊரில் காலை 6 மணிக்குத் திறந்து 8 மணிக்கு அடைப்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் 450 வீடுகளும் திறந்தே இருக்கும். ஒவ்வொரு குழாயும் நிமிடத்துக்கு 8 லிட்டர் கேட்டால் மொத்தம் 3,600 லிட்டர். குழாய் கொடுக்கக் கட்டப்பட்டது 206, ஊர் கேட்பது 3,600. பதினேழு மடங்கு.

அப்போது என்ன ஆகும்? முன்னால் இருப்பவர்கள் எடுக்க எடுக்கக் குழாயில் அழுத்தம் விழுகிறது. மேட்டில் இருக்கும் வீடும் கடைசியில் இருக்கும் வீடும் காற்றைத்தான் கேட்கும். குழாயைத் திறந்தால் முதலில் "புஸ்" என்று வரும் சத்தம் தெரியாத பெண்கள் தமிழ்நாட்டுக் கிராமத்தில் இருக்க மாட்டார்கள். தொட்டியில் தண்ணீர் மிச்சம் இருக்கும்போதே கடைசித் தெரு காய்வது இதனால்தான். ஆபரேட்டர் சொன்னது உண்மை, அந்த அம்மா சொன்னதும் உண்மை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அழுத்தம் இல்லாத குழாய்க்குள் வெளியில் இருப்பது நுழையும். குழாயில் நீர் நிறைந்து அழுத்தத்தோடு ஓடும்வரை கசிவு வெளிப்பக்கமாக இருக்கும். அடைத்த பிறகு, அல்லது யாராவது மோட்டார் வைத்து உறிஞ்சும்போது, அதே ஓட்டை வழியாகச் சாக்கடை நீர் உள்ளே போகலாம். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் சரியாகப் போட்டிருந்தும் கடைசித் தெருக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மோட்டார் வைத்தவர் கெட்டவரா

வீட்டு இணைப்பில் மின்மோட்டார் வைத்து உறிஞ்சுவது விதிமீறல். அதிகாரிகள் வந்து பறிமுதல் செய்வார்கள், ஒரு மாதம் ஊர் ஒழுங்காக இருக்கும், மறுபடி மோட்டார் வந்துவிடும். இதைப் பேராசை என்று மட்டும் பார்த்தால் தீர்வு கிடைக்காது.

முதலில் ஒரு வீடு மோட்டார் வைக்கிறது. பக்கத்து வீட்டுக் குழாயில் வேகம் குறைகிறது. அவர்கள் பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர்களும் வாங்குகிறார்கள். வாங்கினால் மட்டும் போதாது, நாளைக்கு வருமோ வராதோ என்ற பயத்தில் ஒரு தரைமட்டத் தொட்டியும் கட்டுகிறார்கள். இப்போது அந்த வீடு ஒருநாள் தேவைக்குப் பதிலாக மூன்று நாள் தேவையை ஒரே காலையில் எடுக்கிறது. கடைசித் தெருவுக்கு இன்னும் குறைகிறது. நிச்சயமின்மை மோட்டாரைக் கொண்டுவருகிறது, மோட்டார் நிச்சயமின்மையைக் கூட்டுகிறது. மாடலில் இதை ஒரு வட்டமாக வரைந்து அம்புக்குறி போட்டுக் காட்டினால், தண்டனை ஏன் ஒரு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை என்பது புரியும். பயம் அப்படியே இருக்கும்போது மோட்டாரை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறோம்.

பணத்துக்கும் இதே மாதிரி ஒரு சுழல் உண்டு. தண்ணீர் ஒழுங்காக வராத ஊரில் குடிநீர்க் கட்டணம் கேட்டுப் போனால், "வராத தண்ணிக்கு எதுக்குப் பணம்" என்பார்கள். நியாயமான கேள்வி. வசூல் இல்லாததால் பராமரிப்புக்குப் பணம் இருக்காது. ஊராட்சியின் போர் மோட்டாருக்கு அழுத்தம் குறைந்த மின்சாரத்திலிருந்து பாதுகாப்புக் கருவி வாங்க மாட்டார்கள். ஒருநாள் மோட்டாரின் காயில் (கம்பிச் சுருள்) எரியும். திரும்பக் காயில் கட்ட ஒரு வாரம். அந்த ஒரு வாரம் லாரித் தண்ணீர். லாரிக்குச் செலவான பணம் பாதுகாப்புக் கருவியின் விலையைவிட அதிகம். அப்புறம் வசூல் இன்னும் குறையும். 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் ஊராட்சி மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்துக் கொடுத்தது பெரிய உதவி. ஆனால் பழுதாவதற்கு முன்னால் செலவு செய்யும் பழக்கத்தை மானியம் மட்டும் கொண்டுவராது.

ஒரு சொட்டுக்கூடக் கூடாமல்

நம் கற்பனை ஊரின் மே மாதக் கணக்குக்குத் திரும்புவோம். ஆளுக்குச் சராசரி 29, கடைசித் தெருவுக்கு 13. சபையில் மூன்று யோசனைகள் வருகின்றன.

புது போர் போடலாம் என்பது முதல் யோசனை. அது பழைய போர் அளவுக்கே கொடுத்தால் 20,000 லிட்டர் கூடும், கசிவு போக 16,000. நல்ல எண்தான். ஆனால் அது சேர்வது அதே தொட்டியில், போவது அதே குழாயில். முன்தெரு மோட்டார்கள் அதே வேகத்தில் இழுத்தால் அதில் பெரும்பங்கு முன்னாலேயே நின்றுவிடும். கசிவைப் பாதியாகக் குறைக்கலாம் என்பது இரண்டாவது. 6,500 லிட்டர் கூடும். மூன்றாவது, ஊரை மூன்று பகுதியாகப் பிரித்து கேட் வால்வு வைத்து, ஒரு நேரத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் விடுவது. தொட்டிக்கு ஒரு சொட்டுக்கூடக் கூடுதலாக வரப்போவதில்லை. ஆனால் பங்கு சமமானால் கடைசித் தெருவில் ஆளுக்கு 13 என்பது 29 ஆகிவிடும். மூன்றில் செலவு மிகக் குறைந்ததும் இதுதான்.

சரி, ஏன் இதை எல்லா ஊரிலும் செய்வதில்லை? கணக்கை இன்னும் ஒரு வரி தள்ளிக்கொண்டு போனால் தெரியும். 52,000 லிட்டரை மூன்றாகப் பிரித்தால் பகுதிக்குச் சுமார் 17,300. குழாயின் திறன் நிமிடத்துக்கு 206 லிட்டர் என்றால் ஒரு பகுதிக்கு 84 நிமிடம். மூன்று பகுதிக்கும் நாலு மணி நேரத்துக்கு மேல். இரண்டு மணி நேரத்தில் திறந்து அடைத்துவிட்டுப் போன ஆபரேட்டர் இனி நாலு மணி நேரம் வால்வுக்கு வால்வு நடக்க வேண்டும். அவர் பொறுப்பில் பெரும்பாலும் இன்னொரு குக்கிராமத்துத் தொட்டியும் இருக்கும். வாங்குவதோ மிகக் குறைந்த சம்பளம். ஆக, தண்ணீர்ப் பற்றாக்குறை என்று நாம் பேசிக்கொண்டிருந்தது, தோண்டிக்கொண்டே போனால் ஒரு மனிதரின் வேலை நேரத்திலும் கூலியிலும் வந்து நிற்கிறது. எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் இதை ஒரு தலைப்பாகப் பார்த்ததில்லை. கணக்கு அந்த இடத்துக்கு நம்மை அழைத்துக்கொண்டு போனது என்பதுதான் அதன் பயன்.

வால்வு வைத்தால் கடைசித் தெருவுக்கு முதலில் திறப்பதா, கடைசியில் திறப்பதா என்பதும் சின்ன விஷயமில்லை. பல ஊர்களில் குழாயின் கடைசி முனை போய்ச் சேரும் இடம் ஆதிதிராவிடர் குடியிருப்பு. மாடலில் அது வெறும் "மூன்றாம் பகுதி". அழுத்தம் ஏன் அங்கே குறைகிறது என்பதை மாடல் சொல்லும். ஊர் வளர்ந்தபோது குழாய் ஏன் அந்தப் பக்கத்துக்குக் கடைசியாகப் போனது என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டு எண்களை மட்டும் பேசும் மாடலை நான் நம்ப மாட்டேன்.

தரைக்கு அடியில் இருக்கும் தொட்டி

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. தண்ணீர் நிற்பது மேலே சிதைந்து கிடக்கும் அடுக்கிலும் கீழே பாறை வெடிப்புகளிலும். இப்படிப்பட்ட நிலத்தில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கிடைக்கும் தண்ணீர், அந்த ஒரு மீட்டர் கனத்தில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்குதான். ஒன்றரைப் பங்கு என்று வைத்தால், 100 ஹெக்டேரில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கும்போது கிடைப்பது 1.5 கோடி லிட்டர்.

நம் ஊரின் ஒரு வருடக் குடிநீர்த் தேவை 3.6 கோடி லிட்டர். இதைப் பக்கத்தில் வைத்து ஒரு ஏக்கர் நெல்லைப் பாருங்கள். ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் நீர் என்றால் ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டருக்கு மேல். அதில் ஒரு பகுதி மறுபடி நிலத்துக்குள் இறங்கும் என்பது உண்மைதான். ஆனாலும் எட்டு ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்தில் விடும் தண்ணீரும், 1,800 பேர் ஒரு வருடம் முழுக்கக் குடித்துக் குளித்துச் சமைக்கும் தண்ணீரும் ஏறக்குறைய ஒன்று. இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது நான் சரிபார்க்க இன்னொரு முறை போட்டேன்.

விவசாயியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதற்குப் பின்னால் பல வருடப் போராட்டமும் உயிரிழப்பும் இருக்கின்றன. ஆனால் ஊராட்சியின் போரும் பக்கத்துத் தோட்டத்துப் போரும் ஒரே வெடிப்பிலிருந்து இறைக்கும்போது, ஊராட்சி மட்டும் தன் போரை ஆழமாக்கிக்கொண்டே போனால் தோட்டக்காரரும் ஆழமாக்குவார். முதலில் 300 அடி, அப்புறம் 600, அப்புறம் 1,000. ஆழம் கூடக் கூட இறைக்கும் செலவு கூடும். சில மாவட்டங்களில் ஃப்ளோரைடும் பெரிய பிரச்சினை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்கள் பல்லிலும் எலும்பிலும் அதைச் சுமந்தார்கள். ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுபோகும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்ததன் காரணமே அதுதான். அங்கே "பக்கத்தில் ஒரு போர் போட்டுக்கொள்ளலாம்" என்பது மாற்று வழியே இல்லை.

நிலத்தடி நீரை விவசாயிகளே கணக்குப் போட்ட ஊர்கள் பக்கத்து மாநிலத்தில் இருந்தன. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் வறட்சி மிகுந்த ஏழு மாவட்டங்களில், ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் ஆதரவோடு 2000-களில் நடந்த ஒரு திட்டம். விவசாயிகளே மழைமானி வைத்து மழையை அளந்தார்கள், கிணற்றில் நாடா விட்டு நீர்மட்டத்தை அளந்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் இருப்பு எவ்வளவு, இந்தப் பட்டத்துக்கு யார் என்ன பயிர் வைக்க நினைக்கிறார்கள், அதற்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதிப் பார்த்தார்கள். யாரையும் எதுவும் செய்யக் கூடாது என்று தடுக்கவில்லை. பற்றாக்குறை சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்து, நெல் வைக்க நினைத்த பலர் நிலக்கடலைக்கும் மற்றப் புன்செய்ப் பயிருக்கும் மாறினார்கள். அவர்கள் பயன்படுத்தியதும் மாடல்தான். கணினி இல்லாத மாடல்.

கால்வாய் நிறைய, குழாய் காலி

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் சண்டேஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிர்க்வுட் என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்கள். நாட்டின் உள்பகுதியில் ஓடும் ஆரஞ்ச் ஆற்றின் நீரை, 80 கிலோமீட்டருக்கு மேல் நீளமான மலைச்சுரங்கம் வழியாகத் திருப்பி இந்தப் பக்கம் கொண்டுவருகிறார்கள். சுரங்கம் திறந்தது 1975-இல். (அந்த ஆற்றின் பெயருக்கும் பழத்துக்கும் சம்பந்தமில்லை, டச்சு அரச குடும்பத்தின் பெயர் அது.) தோட்டங்களுக்குப் போகும் கால்வாயில் தண்ணீர் இருந்தது. தண்ணீர் பெறும் உரிமையை அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்த நாடு அது. ஆனாலும் ஊர்க் குழாய்கள் வறண்டன.

ரோட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த ஊரின் குடிநீரை இருப்பு, வரத்து, போக்கு முறையில் மாடலாக்கினார்கள். உள்ளூர் நகராட்சியையும் சேர்த்துக்கொண்டே செய்தார்கள். வீடுகள் கூடிக்கொண்டே போக, கால்வாய் நீரைச் சேமித்துச் சுத்திகரிக்கும் திறன் ஈடுகொடுக்கவில்லை. பொறியாளர்களின் நாளெல்லாம் உடைந்ததை ஒட்டுவதிலேயே போகும்போது, ஐந்து வருடம் கழித்து என்ன தேவை என்று யோசிக்க ஆள் மிஞ்சுவதில்லை. அப்படி யோசிக்காததால் அடுத்த உடைப்பு சீக்கிரம் வருகிறது. இதை ஒரு தமிழ்நாட்டு ஊராட்சிச் செயலாளரிடம் சொல்லிப் பாருங்கள், "எங்க ஊரு மாதிரியே இருக்கே" என்பார்.

யார் உட்கார்ந்து போடுவது

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. குழாய் வலையில் அழுத்தத்தைக் கணக்கிட அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-இல் வெளியிட்ட எப்பாநெட் என்ற மென்பொருள் இலவசம். கிராமக் குழாய்களைக் குறைந்த செலவில் வடிவமைக்க மும்பை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஜல்தந்த்ரா என்ற கருவியும் இருக்கிறது. இரண்டும் நல்லவை. ஆனால் பொறியாளர் அலுவலகத்தில் செய்து, கிராம சபையில் திரையில் காட்டினால், வண்ணக் கோடுகளைப் பார்த்துவிட்டு மக்கள் எழுந்து போவார்கள். அதில் அவர்கள் சொன்னது ஒன்றுகூட இல்லையே, எப்படி நம்புவார்கள்?

ஆபரேட்டரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. எந்த வால்வு இறுகிப்போய்த் திரும்பாது, எந்த மூலையில் மண்ணுக்கடியில் கசிந்து புல் பச்சையாக நிற்கிறது, எந்தக் குழாய் எந்த வருடம் போட்டது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. பல ஊராட்சிகளில் குழாய் போகும் வழிக்கு வரைபடமே கிடையாது, அவர்தான் வரைபடம். அவர் ஓய்வுபெற்றால் அதுவும் போய்விடும். மந்தையில் சுண்ணாம்புப் பொடியால் ஊரை வரைந்து, அவரைக் குழாய் போகும் வழியை நடந்து காட்டச் சொன்னால் மாடலின் பாதி முடிந்தது.

மீதிப் பாதி பெண்களிடம் இருக்கிறது. தெருவுக்கு ஒரு வீடு, ஒரே காலை, ஒரே அளவுக் குடம். கைபேசியில் நேரம் பார்த்து, குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். ஒரு தெருவில் 2 நிமிடம், இன்னொரு தெருவில் 15 நிமிடம் என்று வந்தால் அது எந்த அழுத்தமானியும் தராத தெளிவு. ஒரு வாரம் செய்தால் போதும். இதோடு போரின் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது, மாதம் ஒருமுறை நீர்மட்டம் எங்கே நிற்கிறது, மின்கட்டணம் எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்தால், மேலே நான் கற்பனையாகப் போட்ட கணக்கை உண்மை எண்களோடு எந்த ஊரும் போடலாம். எட்டாம் வகுப்புக் கணக்குக்கு மேல் எதுவும் தேவையில்லை.

மேலத்தெருக்காரர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் 15 நிமிடம் ஆகிறது என்பது அவர்களில் பலருக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்தபிறகும் மோட்டாரை எடுக்கச் சிலர் மறுப்பார்கள். அவர்களிடம், எந்த நாளில் எத்தனை மணிக்கு உங்கள் பகுதிக்குக் கட்டாயம் வரும் என்று சொல்ல முடிந்தால்தான் பேச்சு நகரும். அந்த உறுதியைக் கொடுக்க முடியுமா என்பதையும் மாடலிலேயே போட்டுப் பார்க்கலாம்.

இதை இப்போது செய்ய வேண்டியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2019-இல் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் 17 சதவீதத்துக்குத்தான் குழாய் இணைப்பு இருந்தது. இன்று பத்தில் எட்டு வீட்டுக்கு மேல் இருக்கிறது. தெருக்குழாயில் வரிசையில் நின்ற பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று வெளியிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் இணைப்பு கூடிய வேகத்தில் போரும் தொட்டியும் பிரதானக் குழாயும் எல்லா ஊரிலும் கூடவில்லை. பத்துத் தெருக்குழாய்க்காகப் போட்ட பழைய குழாயில் 450 வீட்டு இணைப்புகள் தொங்கும் ஊர்களில், கணக்கு ஏற்கெனவே மாறிவிட்டது. ஜல் ஜீவன் திட்டத்தின் காலக்கெடுவை மத்திய அரசு 2028 வரை நீட்டித்திருக்கிறது. அதற்குள் பல ஊர்களில் புதுக் குழாய் போடுவார்கள், புது போர் இறக்குவார்கள். குழி தோண்டும் முன்னால், வடகிழக்குப் பருவமழை முடிந்த ஒரு ஜனவரியிலும் வெயில் உச்சத்தில் இருக்கும் ஒரு மே மாதத்திலும் ஒரு வாரம் வீதம் அந்தக் குடக் கணக்கை எடுத்து வைத்துவிட வேண்டும்.